அம்மா பார்த்துக்கொண்ட அன்னா

எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது அம்மா இஸ்ரேலுக்குப் போனாள். அங்கே தனியாக இருந்த ஒரு வயதான அம்மாளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைக்கும் வேலை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்குள் போனில் சிக்னல் எடுக்காது. ஞாயிறு பூசை முடிந்ததும் அப்பா என்னைத் தண்ணீர் டாங்கி இருக்கும் மேட்டுக்குக் கூட்டிப்போவார். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்ததை அங்கே நின்றுதான் நான் அம்மாவிடம் கொட்டவேண்டும்.

அந்த அம்மாளின் பெயரும் என் பெயரைப் போலவே அன்னாதான் என்று அம்மா சந்தோஷமாகச் சொன்னாள். அத்தை அதை லயம் பூராவும் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பல் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அம்மா, “அன்னா, இந்தா வந்துட்டேன்” என்றாள்.

“நான் இங்கதானம்மா இருக்கேன்” என்றேன்.

அதற்குள் அம்மா போனை எங்கோ வைத்துவிட்டுப் போயிருந்தாள். கரண்டிச் சத்தம் கேட்டது. புரியாத பாஷையில் அம்மா யாரையோ கெஞ்சிக் கெஞ்சிச் சாப்பிடவைத்தாள். இடையிடையே அன்னா, அன்னா என்றாள். காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி ஊட்டிய அதே குரல். மூடுபனி இறங்கிக் காது குளிர்ந்தது. போனை அப்பாவின் கையில் திணித்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

இனி யாரும் என்னை அன்னா என்று கூப்பிடக் கூடாது என்று அத்தையிடம் சொன்னேன். வேறு என்ன பெயர் வேண்டும் என்று கேட்டார். ஷாலினி என்றேன். மறுநாள் டீச்சர் வரவு கூப்பிட்டபோது வாயைத் திறக்கவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தும் அன்றைக்கு நான் பள்ளிக்கு வராதவளானேன். பழைய பெயருக்கு நான் திரும்பவில்லை, புதிய பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அந்த வாரம் என்னிடம் யாரும் பேசியதாகவே நினைவில்லை.

அடுத்த ஞாயிறுக்கு முன்பே அப்பா தனியாக மேட்டுக்குப் போய் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டிருந்தார். திட்டப்போகிறாள் என்று பயந்துகொண்டே ஞாயிறன்று போனை வாங்கினேன். அம்மா திட்டவில்லை. நான் பெயரை வேண்டாம் என்றதைக் கேட்டு அந்த அம்மாள் வருத்தப்பட்டாராம். “எங்க சனத்துல இந்தப் பேருக்காரங்க எப்பேர்ப்பட்டவங்க தெரியுமான்னு கேட்டாங்க” என்று சொல்லி, கேட்ட கதைகளை எனக்குச் சொன்னாள்.

ஓர் அன்னா, பெரிய யுத்தத்தில் தன் சனங்களைக் காப்பாற்ற ஆகாயத்திலிருந்து பாராசூட்டில் குதித்த இளம்பெண். பிடித்துச் சித்திரவதை செய்தும் கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லையாம். கொன்றுவிட்டார்கள். அவளை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று. இன்னோர் அன்னா, தெய்வத்தை விடமாட்டோம் என்று நின்ற ஏழு மகன்களையும் ஒரு ராஜாவிடம் பறிகொடுத்தவள். அதை அம்மா வேகமாகச் சொல்லிக் கடந்தாள்.

எல்லாருக்கும் மூத்த அன்னாவை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பல வருஷம் பிள்ளையில்லாமல் அழுது, வேண்டிப் பெற்ற மகனை, பால்குடி மறந்ததும் நேர்ந்துகொண்டபடியே கோயிலில் கொண்டுபோய் விட்டுவிட்டாளாம். வருஷத்துக்கு ஒருமுறை சின்னதாக ஒரு சட்டை தைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவாளாம்.

பாராசூட்காரியை விட்டுவிட்டு இவளைப் பற்றி ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறாள் என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. ஆனாலும் ஒன்று கேட்கவேண்டும்போல் இருந்தது.

“அவங்க விட்டுட்டுப் போறப்ப அந்தப் பையன் அழலையாம்மா?”

அந்தப் பக்கம் மூச்சு மாதிரி ஏதோ கேட்டது, பிறகு அதுவும் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்பா வேண்டாம் என்று கைகாட்டியும் கேளாமல், போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிக்னல் தேடி டாங்கியின் படிகளில் ஏறினேன்.