தலைமாட்டுச் சுவர்

சுனாமிக்கு அடுத்த வருஷம், ஐப்பசி மழை. பாண்டி டவுன்ல ஒரு சொல்தா வீட்டுக்கு நானும் என் மச்சானும் வேலைக்குப் போனோம். சொல்தான்னா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கறவர்; 'ஐயா'ங்கறதுக்கு அவங்ககிட்ட 'முசே'ம்போம். பாரிசுல இருக்கற மகள் சுவர்ல ஒட்டற பூத்தாள் அனுப்பியிருந்தாள், அம்மா படுத்திருக்கற அறைக்கு. கிறிஸ்துமஸுக்கு வர்றாளாம். அதுக்குள்ள ஒட்டணும்.

அந்தம்மாவால எழுந்திருக்க முடியாது. கட்டிலோட தலைமாடு சுவரை ஒட்டி இருந்தது. அந்தச் சுவர்தான் மோசம். பழைய சுண்ணாம்புச் சுவர், ஓதம் ஏறி மேடும் பள்ளமுமா கிடந்தது. பட்டி வெச்சு சமமாக்காம தாள் ஒட்டினா அத்தனையும் மேல தெரியும்.

பல்பைச் சுவரோரமா பிடிச்சுப் பார்த்தேன். அப்படிப் பிடிச்சாத்தான் நிழல் விழும், மேடு தெரியும். ஜன்னல்லேர்ந்து கட்டில் வரைக்கும் ஒரே மேடு, வயிறு மாதிரி. நடுவுல ஒரு விரிசல். பட்டிக் கரண்டிக் காம்பால தட்டினேன். பொள்ளல் சத்தம் இல்ல, கெட்டியா கேட்டது.

"முசே, பூச்சு உப்பலை. சுவரே தள்ளுது."

"நீ கொத்தனாரா? பட்டி வெக்கறவன்தானே? நிரவு."

நிரவினேன். என் தப்பு அதுதான். ரெண்டு கோட்டு பட்டி வெச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, கை வெச்சா வழுக்கற மாதிரி ஆக்கிட்டேன். விரிசல் எங்கன்னு எனக்கே தேட வேண்டியதாச்சு. சொல்தா முதுகுல தட்டினார்.

அந்தம்மா கூப்பிட்டாங்க. "தம்பி, ராத்திரில சுவர் முனகுது."

"என்னன்னு முனகுது?" மச்சான் சிரிச்சான்.

"உன்னாட்டம் சிரிக்கலை. அது தெரியுது."

எனக்குச் சிரிப்பு வரலை. அன்னிக்கு சாயங்காலம், விரிசல் இருந்த இடத்துக்குக் குறுக்கே மெல்லிசா ஒரு சாண் தாளை ஒட்டினேன். எதிர்ச்சுவர்லயும் அதேபோல ஒண்ணு. சுவர் நின்னா தாளும் நிக்கும்.

காலைல எதிர்ச்சுவர்த் தாள் அப்படியே இருந்தது. தலைமாட்டுத் தாள் நடுவுல கிழிஞ்சு நகக்கண் அகலத்துக்கு விலகியிருந்தது. சொல்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கோந்து காயும்போது இழுத்திருக்கும்."

"அங்கயும் அதே கோந்துதான் முசே. கட்டிலை வெளிய எடுங்க."

"அவ ஜன்னலை விட்டு வரமாட்டா. மகள் வரட்டும், பாக்கலாம்."

"அப்ப இன்னிக்கு நீங்க இங்க படுங்க."

மச்சான் என் சட்டையை இழுத்தான். பெரியவங்ககிட்ட பேசற பேச்சு இல்லதான்.

சொல்தா அந்தக் கிழிசல்ல விரல் வெச்சுப் பார்த்தார். அப்புறம், "எந்தப் பக்கம் பிடிக்கணும்?"னார்.

கட்டிலை ஒரு முழம் இழுத்தோம். தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவுல நான் நுழைஞ்சேன். மச்சான், அங்க தான் நிக்கறேன்னான். வேணாம்னேன். முதுகு சுவர்ல உரசுச்சு. ஈரம். தூக்கினோம். அந்தம்மா கண்ணை மூடிக்கிட்டாங்க.

கூடத்துல இறக்கினதும் சொல்தா போய் அந்த அறையைப் பூட்டினார். சாவியை என்கிட்ட நீட்டினார்.