எங்காதுக்கு வச்ச சீக்குப் பேரு

கீரமங்கலம் பூ மார்க்கெட்டுல என்னைய ஒருத்தன் போட்டோ புடிச்சான். "சிரிங்க பாட்டி"ன்னான். பல்லு இருந்தாக் கேக்கவா வேணும்னு நெனச்சுக்கிட்டே சிரிச்சேன். கனகாம்பரத்த வித்துட்டு வீடு வந்ததும் அவன மறந்துட்டேன். அந்தப் போட்டோ எங்கிட்டெல்லாமோ சுத்தி, ஒரு அறிவியல் வெப்சைட்டுல போயி ஒக்காந்திருக்கு. காது பெருசாத் தெரியிற மாதிரி வெட்டி, அதுக்கு அடியில 'தோல் தொங்கும் நோய், பரம்பரையாக வரக்கூடியது'ன்னு எழுதி வச்சிருந்தாய்ங்க.

எனக்கு ஒரு சீக்கும் கெடையாது. சின்னப் புள்ளையில ஓட்டை போட்டு, பஞ்சு திணிச்சு, பாரத்துக்கு ஈயக் குணுக்கத் தொங்க விட்டு வளத்த காது இது. தோளத் தொட்டாத்தான் லட்சணம்னு, சீழு வடிய வடிய எங்க ஆத்தா வளத்து விட்டுச்சு. பெறகு அதுல தங்கத் தண்டட்டி போட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். மக கல்யாணத்துக்கு அத அழிச்சு செயினாக்கிட்டோம். இப்ப காது மட்டும் சும்மா தொங்குது, ஆளு எறங்கிப் போன ஊஞ்சலு மாதிரி.

இத எனக்குக் காட்டுனது எம் மகன் வழிப் பேத்தி. புதுக்கோட்டையில ஒரு லேப்புல ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை. ஆலங்குடிப் பக்கம் அவளுக்கு ஒரு மாப்ள பேசி வச்சிருந்தோம். பையன் துபாய்ல இருக்கான். அவந்தான் போனுல இதப் பாத்துட்டு, "இது ஒங்க அப்பத்தாதானே? ஒங்க குடும்பத்துல இந்த நோய் இருக்கா?"ன்னு அவளுக்கு அனுப்பிருக்கான். மறுநா அவங்கம்மா எம் மகனுக்குப் போன் போட்டு, "தேதி குறிக்கிறதக் கொஞ்சம் தள்ளி வப்போம்ண்ணே"ன்னுச்சு.

அந்தப் பொம்பளையோட மாமியாளுக்கே எங்காது மாதிரிதான் இருந்துச்சு. வயசான காலத்துல அறுத்துத் தச்சுக்கிட்டா. தச்ச காதுக்கு மருந்து தடவுன மருமகளே இவதான். தன் கையால தொட்ட காத விட்டுட்டு, போனுல பாத்த காத நம்புறா.

பேத்தி சொன்னா, "அப்பத்தா, தப்பு இருந்தாச் சொல்றதுக்குன்னு அந்தப் பக்கத்துலயே ஒரு எடம் இருக்கு. எழுதிக் கேப்போம்."

"எழுது. காதுக்குச் சொந்தக்காரி உசுரோடதான் இருக்கா, வந்து தொட்டுப் பாத்துட்டுப் போங்கடான்னு எழுது."

"டா போடக் கூடாது அப்பத்தா."

"அப்ப சார்னு போட்டு, தொட்டுப் பாக்கச் சொல்லு."

மரியாதையாத்தான் எழுதுனா. ஒடனே பதில் வந்துருச்சு, கருத்துச் சொன்னதுக்கு ரொம்ப நன்றின்னு. நான் குளுந்து போயிட்டேன். "அது மனுசன் எழுதுனது இல்ல, எல்லாருக்கும் தானா வர்றது"ன்னா. தூன்னு வந்துச்சு.

ஒரு வாரம் போயி மனுசன் எழுதுனான். ஆதாரம் வேணுமாம். டாக்டரு எழுதுனதோ புஸ்தகமோ இருந்தா அனுப்பணுமாம். சம்பந்தப்பட்டவங்களே சொல்றத அவங்க எடுத்துக்க மாட்டாங்களாம். சீக்குன்னு எழுதயில மட்டும் எந்த டாக்டரு வந்து எங்காதத் தூக்கிப் பாத்தாருன்னு கேக்கச் சொன்னேன். அதுக்கு இன்னைக்கு வரைக்கும் பதில் இல்ல. அதுக்குள்ள படத்துக்கு அடியில படிக்கிறவங்க கருத்து வேற. கத்தாழை தடவச் சொல்லி ஒருத்தன். ஐயோ பாவம்னு ஒருத்தி. இன்னொருத்தன், இது பக்கத்துல இருக்கவங்களுக்கு ஒட்டுமான்னு கேக்குறான். எச்சி எலையில ஈ மொய்ச்ச மாதிரி எங்காதுல மொய்க்கிறாய்ங்க.

பேத்தி என்னையப் புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கிட்டுப் போயி ஒரு காது டாக்டருகிட்ட ஒக்கார வச்சா. அவரு பாத்ததும் சிரிச்சுட்டாரு. "எங்க அம்மாச்சிக்கும் இப்படித்தாங்க"ன்னு சொல்லி, இது நோய் இல்ல, வளத்த காதுன்னு எழுதிக் கொடுத்தாரு. அத அனுப்புனதுக்கு அப்பறந்தான் மாத்துனாய்ங்க. மாத்துனதப் படிச்சுக் காட்டுனா: 'காது வளர்த்தல், அழிந்துபோன பழக்கம்.' சீக்காளியா இருந்தவளப் பொணமாக்கிட்டாய்ங்க. போதும் விடுன்னுட்டேன்.

அந்த வாரமே மாப்ளயோட அம்மா பழமும் பூவுமா வந்து எறங்குச்சு.

"மாத்திட்டாங்கம்மா, நானும் பாத்தேன், துபாய்ல தம்பியும் பாத்துருச்சு. இனி தேதி குறிச்சுரலாம்."

"காதத் தைக்கிறதுக்கு முந்தி எடுத்த ஒம் மாமியா போட்டோவையும் அனுப்பிருந்தா, இன்னும் வெரசா மாத்திருப்பாய்ங்க தாயி"ன்னேன். அது அண்ணாந்து ஃபேனப் பாத்துச்சு.

காப்பி கொண்டாந்து வச்ச பேத்தி நிமிந்து நின்னா. "வேணாம் அத்தை. நாளைக்கு எனக்கு ஒரு கட்டி வந்தாலும் அவங்க போனத்தான் கேப்பாங்க. என்னையக் கேக்க மாட்டாங்க."

எம் மகன் அவளப் பாத்துக் கத்துனான். அவ அசையல. வந்த பொம்பள காப்பிய மிச்சம் வைக்காமக் குடிச்சுட்டு, பழப் பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருச்சு. பூவ மட்டும் விட்டுட்டுப் போச்சு, பஸ்ஸுல வாடிரும்ல. பூவு எங்க கொல்லையிலயே கொட்டிக் கெடக்கு.

சாயங்காலம் பேத்தி மோட்டாரு ரூமுக்குப் பின்னாடி ஒக்காந்து அழுதா. அந்தப் பய போனுல நல்லாப் பேசுவானாம், சிரிக்கச் சிரிக்கப் பேசுவானாம். நான் பக்கத்துல போயி ஒக்காந்தேன். கேலி பண்ண வாய் வரல. அவன நெனச்சாத்தான் இன்னமும் எனக்கு அருவருப்பா இருக்கு. "அப்பத்தா, ஒங்க காது ஏன் இப்படி இருக்கு"ன்னு என்னையக் கேட்டிருக்கலாம். எம் போன் நம்பரு அவங்கிட்ட இருந்துச்சு.