தசமியன்று மீன் குழம்பு

2025 செப்டம்பர் 2, செவ்வாய்க்கிழமை. ஆவணி வளர்பிறை தசமி. காலை 5.05க்கு எழுந்தேன். 5.20க்கு மோட்டார் போட்டேன். தொட்டி நிறைய இருபத்தெட்டு நிமிடம் ஆனது. 6.10க்குக் காபி. பள்ளிக்கு இரண்டு நாள் விடுப்பு சொல்லியிருந்தேன். நான் ஒரு பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளன். மனைவி மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்ததால் வீட்டில் தனியாக இருந்தேன். 7.30க்கு டவுண் மார்க்கெட்டில் அரைக்கிலோ சாளை மீன் வாங்கினேன். 9.40க்கு அம்பாசமுத்திரத்திலிருந்து தங்கை வந்தாள்.

மறுநாள் அப்பாவின் திதி. ஏகாதசியன்று குறுக்குத்துறை ஆற்றுப் படித்துறையில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விடுவோம். தங்கை வருடம் தவறாமல் முந்தின நாளே வந்துவிடுவாள். "நாளைக்குத்தான திதி, இன்னைக்குச் சாப்பிடலாம்" என்று சொல்லி, அம்மா வைப்பதுபோல் மாங்காய் போட்டு மீன் குழம்பு வைப்பாள். அன்றும் வைத்தாள். நான் 12.50க்கு உட்கார்ந்து, ஒவ்வொரு வருடமும் சாப்பிடுவதுபோலவே சாப்பிட்டேன்.

சாப்பிட்ட பின் ஒரு படம் பார்க்கலாம் என்றாள். அவள் மகள் பார்க்கச் சொன்ன அயர்லாந்துப் படம். தமிழ்க் குரல் இல்லை, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. நான் வாசித்துச் சொல்லச் சொல்ல அவள் கேட்டுக்கொண்டு வந்தாள். கடலோரத்தில் ஒரு வீடு. அப்பா இறந்துபோகிறார். வெளியூரிலிருந்து மகள் வந்து இறங்குகிறாள். சவப்பெட்டியை முன்னறையிலேயே வைத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் தட்டுத் தட்டாகத் தின்பண்டம் கொண்டுவருகிறார்கள்.

"நடு வீட்டுலயே வச்சிருக்காவளே, நம்மள மாதிரிதான்" என்றாள் தங்கை. "ஆனா ஒருத்தியும் அழக் காணும். சவத்துக்குப் பக்கத்துல நின்னு டீல்லா குடிக்காவ."

"எழவு வீட்டுல நம்ம மாமா கேக்கலையா, டீக்குச் சீனி கம்மியாப் போடுன்னு?"

"அது அவியளுக்குச் சுகர்ண்ணே." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

படம் முக்கால்வாசி போயிருக்கும். அந்த மகளின் அண்ணன் அடுப்படியில் நின்று அவளிடம் ஏதோ சொன்னான். எழுத்து ஓடியது. நான் வாசித்தேன், ஆனால் சொல்லவில்லை.

"என்னண்ணே சொல்லுதான்?"

"ஒண்ணுமில்ல. மழையப் பத்திப் பேசுதான்."

திரையில் அந்தப் பெண் அண்ணனை ஓங்கி அறைந்தாள்.

"மழையப் பத்திப் பேசுனதுக்கா இப்படி அறையுதா?" தங்கை படத்தை நிறுத்தினாள். "ஒழுங்காச் சொல்லு."

சொன்னேன். அப்பா உறக்கத்தில் போய்விட்டார் என்று அவன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். உண்மையில் படகுக் கொட்டகையில் அவர் விழுந்து கிடப்பதைப் பார்த்து, அவனே தூக்கி வந்து கட்டிலில் கிடத்தியிருந்தான். அவர் எவ்வளவு நேரம் அங்கே தனியாகக் கிடந்தார் என்பது அவனுக்கே தெரியாது.

தங்கை நின்றுபோன திரையைப் பார்த்தாள். "பாவம். நமக்கு அந்தக் குறை இல்லண்ணே. அப்பா போகையில எனக்கு ஒரு வார்த்த சொல்லிட்டுத்தான் போனாவ."

அந்த வார்த்தையை இங்கே எழுத வேண்டும். "என் பிள்ள போற எடத்துல தல நிமிந்து இருப்பா." மாமியார் வீட்டில் முதல் மூன்று வருடம் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். மகளைப் பள்ளி விடுதியில் விட்டுவிட்டு வந்த அன்றும் தாத்தா சொன்னதென்று அதையே சொன்னாளாம்.

அது அப்பா சொன்னது இல்லை. நான் சொன்னது.

பதினாறு வருடம் முன்னால், அவள் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அப்பாவை வண்ணார்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். கல்யாணத்துக்கு முந்தின இரவு அவருக்குத் துணையாக நான் இருந்தேன். கல்யாணத்தன்று விடியற்காலை 4.20க்கு அப்பா போய்விட்டார். நான் மாமாவுக்குப் போன் செய்தேன். அம்மாவின் தம்பி அவர், எங்கள் வீட்டில் எல்லாம் அவர் சொல்வதுதான்.

"ஏலே, வாயத் தொறக்காத" என்றார். "உங்கம்மைக்குக்கூடத் தெரியக்கூடாது. தீட்டுன்னு தெரிஞ்சா தாலி ஏறாது. மாப்ள வீட்டுக்காரன் எந்திச்சுப் போயிருவான். மொகத்தக் கழுவிட்டு மண்டபத்துக்கு வா."

நான் முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். பட்டுவேட்டி கட்டினேன். 9.30க்கு மணமேடைக்குப் பக்கத்தில் போனபோது தங்கை என் கையைப் பிடித்து, "அப்பா எப்படிண்ணே இருக்காவ?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்று சொல்லச் சொல்லித்தான் மாமா என்னை அனுப்பியிருந்தார். நான் அதோடு நிறுத்தவில்லை. இப்பத்தான் உனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்று சொல்லி, அந்த வாக்கியத்தையும் சொன்னேன். மாமா அதைச் சொல்லச் சொல்லவில்லை. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.

பிற்பகல் இரண்டு மணிக்கு இறந்ததாக எல்லோருக்கும் சொன்னோம். அன்று பகல் பதினொன்றோடு தசமி முடிந்து ஏகாதசி தொடங்கியிருந்தது. அதனால் திதி ஏகாதசி ஆயிற்று. பத்தொன்பது வயது முதல் நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். நேரமும் நடந்ததும் மட்டும்தான் எழுதுவேன். அந்தப் பக்கத்தில் "பி.ப. 2.00, அப்பா காலமானார்" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. இறப்புச் சான்றிதழில் தேதி மட்டும்தான் உண்டு, நேரம் இல்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று. அம்மா தெரியாமலேயே போய்விட்டாள். போன தை மாதம் மாமாவும் போனார். அதன்பின் இது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.

நிறுத்திய படத்தில் அந்தப் பெண்ணின் கை அந்தரத்தில் நின்றிருந்தது. மணி 3.35. பாதியை மட்டும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நேரத்தைச் சொல்லி, வார்த்தையை அவளிடமே விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அது அவளுக்காகச் செய்வது என்றும் நினைத்துக்கொண்டேன்.

"பிள்ள, அப்பா ரெண்டு மணிக்குப் போகல. விடியக்காலம் நாலு இருவதுக்கே போய்ட்டாவ. கல்யாணம் நின்னுரும்னு மாமா மறைக்கச் சொன்னாவ."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மடியில் இருந்த ரிமோட்டை எடுத்துத் தரையில் வைத்தாள்.

"தாலி கட்டுனது ஒம்போதே முக்கால்" என்றாள்.

"ஆமா."

"நீ மேடைக்கிட்ட வந்தது ஒம்போதரை."

நான் தலையாட்டினேன்.

"'இப்பத்தான் சொல்லிவிட்டாவ'ன்னு சொன்ன. யாரு சொல்லிவிட்டா?"

ஆய்வகத்தில் பையன்கள் அளவைத் தப்பாக எழுதினால், நான் ஒரு எண்ணைப் பார்த்து மற்றதைக் கண்டுபிடித்துவிடுவேன். அவள் எனக்கு அதைத்தான் செய்தாள்.

"நானாச் சொன்னது" என்றேன்.

தெருவில் ஒரு டவுண் பஸ் வழி கேட்டு ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. அது போனதும் கேட்டாள்.

"பின்ன கடைசியா என்னதான் சொன்னாவ?"

"ராத்திரி ஒம்பது மணிக்குக் கண்ணு முழிச்சாவ. 'மோட்டார அமத்தியாச்சா'ன்னு கேட்டாவ. அவ்வளவுதான்."

"என்னையப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பொய் என் வாயில் தயாராக இருந்ததை உணர்ந்தேன். "ஆனா உன் போட்டோவப் பாத்துக்கிட்டே இருந்தாவ" என்று சொல்லியிருப்பேன். அப்பாவிடம் அவள் போட்டோ எதுவும் இருக்கவில்லை.

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழம்புச் சட்டியின் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு வாசற்படியில் வந்து நின்றாள்.

"அப்பம் இன்னைக்குத்தான் திதி. தசமி."

"ஆமா."

"அப்பா திதியில வருசா வருசம் மீனு ஆக்கிருக்கேன்."

"உனக்குத் தெரியாதுல்லா, பிள்ள."

"எனக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்லா. நீ தின்னியே."

ஒரு வருடமாவது வயிறு சரியில்லை என்று சொல்லித் தட்டிக்கழித்திருக்கலாம். ஏன் என்று கேட்பாளே என்று பயந்து, பதினாறு தசமிகளிலும் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன்.

மிச்சக் குழம்பை அவள் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். படத்தின் மிச்சத்தை நாங்கள் பார்க்கவில்லை. ராத்திரி எனக்கு இரண்டு இட்லி வைத்தாள், அவள் சாப்பிடவில்லை. நாட்குறிப்பில் "பி.ப. 3.35, தங்கையிடம் சொன்னேன்" என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள், செப்டம்பர் 3, காலை 5.05க்கு எழுந்தேன். தங்கை எனக்கு முன்பே குளித்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கைப்பை மடியில் இருந்தது.

"அஞ்சே முக்காலுக்கு அம்பை பஸ் இருக்கு" என்றாள். "ஐயருக்குப் போனப் போடு. நீ சொல்லுதத நான் கேட்டுட்டுப் போறேன்."

மோட்டார் போடவில்லை. பல் தேய்க்கவில்லை. முதல் வேலையாகப் படித்துறை ஐயருக்குப் போன் செய்து, சத்தம் அவளுக்கும் கேட்கும்படி வைத்தேன். இன்று வரவில்லை என்றும், அப்பாவின் திதி ஏகாதசி இல்லை, தசமி என்றும் சொன்னேன்.

"தசமி நேத்தே போயிட்டே அண்ணாச்சி" என்றார் அவர். "சரி, விட்டுப்போனத வாற அமாவாசையில குடுத்துரலாம். இத்தன வருசமா ஏகாதசின்னுல்லா நோட்டுல எழுதி வச்சிருக்கேன். யாரு தப்பாச் சொன்னது?"

தங்கை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றேன்.