புளித்த மத்தியும் ஹில்டிங்கின் மூக்கும்

ஹில்டிங்குக்கு வாசனை தெரியாது. ஒன்பது வயதில் படகுக் கொட்டகையின் கூரையிலிருந்து வழுக்கி, பின்மண்டை பாறையில் இடிக்க விழுந்தான். காயம் ஆறியது, மூக்கு மட்டும் திரும்பி வரவில்லை. காபி, மரப்புகை, மழையில் நனைந்த நாய், எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். நானும் அவனும் ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து வீடு.

எங்கள் ஊர் ஸ்வீடனின் வடகடலோரத்தில் இருக்கிறது. எதிர்க்கரை பின்லாந்து. ஆகஸ்டு வந்தால் இங்கே வீட்டுக்கு வீடு புளித்த மத்தி டப்பா திறப்பார்கள். கோடைக்கு முன்னால் பிடித்த மீன் உப்புத் தண்ணீரில் புளித்துப் புளித்து, தகர டப்பாவே பந்து போல உப்பியிருக்கும். சாப்பிட எல்லாருக்கும் ஆசை, திறக்க ஒருவருக்கும் மனம் வராது. சட்டையில் ஒரு சொட்டு தெறித்தால் அந்தச் சட்டையை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் ஹில்டிங்கைக் கூப்பிடுவோம். அவன் வந்து, அடுப்பில் முட்டை வேகிறதா என்று பார்ப்பவன் போலச் சாதாரணமாகக் குனிந்து திறந்து கொடுப்பான்.

கூலியாக அவன் கேட்பது ஒன்றுதான். "எப்படி இருக்கு? சொல்லு."

என் அப்பா சொன்னார்: "சாக்கடை மாதிரிடா. ஆனா நல்ல சாக்கடை."

பாதிரியார் மனைவி அழுகிய முட்டை என்றாள். பழைய மீனவர் ஒருவர், "எனக்குப் பசி எடுக்குது. அதுக்கு மேல கேக்காத" என்றுவிட்டார்.

"ஒருத்தன் சொல்றது இன்னொருத்தன் சொல்றதோட ஒத்தே போகல" என்று என்னிடம் புலம்புவான். "எனக்கு உப்பு தெரியுது, புளிப்பு தெரியுது. இதுக்கு மேல அதுல என்னதான்டா இருக்கு?"

வளர்ந்த பிறகு வீடுகளுக்குச் சாயம் அடிக்கும் வேலைக்குப் போனான். ஒரு பழைய வேன் வைத்திருந்தான். எழுபத்தாறாம் வருடம் ஜூலையில் நல்ல வெயில். போன வருடத்து மத்தி டப்பா ஒன்று சீட்டுக்கடியில் கிடந்ததை அவன் மறந்தே போயிருந்தான். வண்டி வெயிலில் நின்றிருந்த ஒரு மதியம் அது வெடித்துவிட்டது. அவனுக்கு எப்படித் தெரியும்? வழியில் நிற்பவர்களை எப்போதும் போல ஏற்றிக்கொண்டு போனான். நானும் ஏறினேன். ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, வெயிலைப் பற்றிப் பேசி, "இங்கயே எறக்கி விடு, கொஞ்சம் நடக்கலாம்னு பாக்கறேன்" என்று தேவாலயத்துத் திருப்பத்திலேயே தப்பித்தேன். மற்றவர்களும் அப்படித்தான். எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே ஒன்றைச் சொல்வது யாருக்கும் வராது.

அந்தச் சமயத்தில்தான் தைமி வந்தாள். பின்லாந்துக்காரி. முதியோர் இல்லத்துச் சமையலறையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். பஸ்ஸைத் தவறவிட்டு நின்றவளை ஹில்டிங் ஏற்றிக்கொண்டான். கதவைச் சாத்திய கையோடு அவள் கேட்டாள்:

"ஏங்க, வண்டிக்குள்ள பொணம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

ஹில்டிங் பிரேக்கை மிதித்தான். "என்னது?"

"கண்ணுல தண்ணி வருதுங்க. உங்களுக்குத் தெரியல?"

"எனக்கு மூக்கு வேலை செய்யாது."

அவள் ஐயோ பாவம் என்று பார்க்கவில்லை. சீட்டுக்கடியில் கையை விட்டுத் துழாவி, கிழிந்த டப்பாவை வெளியே எடுத்தாள்.

"ஊர்ல பாதிப் பேர் இந்த வண்டியில வந்தாங்களே!" என்றான் ஹில்டிங். "ஒருத்தரும் வாயத் தொறக்கலையே!"

தைமி சாலையோரம் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தாள். அவனுக்கோ வெட்கத்தைவிட ஆவல்தான் அதிகம். "எப்படி இருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

அவள் நிஜமாகவே யோசித்தாள். டப்பாவை மறுபடி முகர்ந்தாள். "மேலாக்க, கெட்டுப்போன வெண்ணெய். அப்புறம் முட்டை. கொஞ்சம் காடி. எல்லாத்துக்கும் அடியில கடல் இருக்கு. ஆனா அதைத் தேடிக் கண்டுபிடிக்கணும்."

முப்பது வருடத்தில் யாரும் அவனுக்கு இவ்வளவு சொன்னதில்லை. சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"ஏன்டா சொல்லல?"

"எப்படிடா சொல்றது?"

"வாயாலதான்!"

கொஞ்ச நாள் என்னோடு பேசவே இல்லை.

அடுத்த ஈஸ்டருக்குத் தைமி இல்லத்தில் மேம்மி செய்து வைத்தாள். ரை என்ற தானியத்தின் மாவையும் முளைகட்டிய அதே தானியத்தையும் சேர்த்து, மெதுவாக வேகவைக்கும் கருங்களி அது. ஒரு கிழவர் தட்டைத் தள்ளிவிட்டு, "இதை எந்த மாட்டுக்குப் பின்னாடிம்மா அள்ளிட்டு வந்த?" என்று கேட்டார். மிச்சத்தை அவள் ஹில்டிங்கிடம் கொண்டுபோனாள். பாலேடு ஊற்றிச் சாப்பிட்டான்.

"மொதல்ல இனிப்பு. பின்னாடியே கருகின கசப்பு. இந்த ஏடு நடுவுல வந்து ரெண்டையும் சமாதானம் பண்ணுது. இன்னும் இருக்கா?"

"எங்க ஊர்லயே பாதிப் பேர் இதைத் தொடமாட்டாங்க" என்றாள் தைமி. அந்தக் கோடையிலேயே அவர்களுக்குக் கல்யாணம் ஆனது.

ஆகஸ்டில் அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் நாங்கள் எல்லாரும் கூடினோம். அதுவரை தைமி புளித்த மத்தியை வாயில் வைத்ததில்லை. அன்றைக்குத் துணிக்கொடியிலிருந்து ஒரு கிளிப்பை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டாள்.

"நீ எப்படிச் சாப்பிடறியோ, அப்படியே நானும் சாப்பிட்டுப் பாக்கறேன்."

மெல்லிய ரொட்டியில் வெண்ணெய் தடவி, உருளைக்கிழங்கு, வெங்காயம், ஒரு துண்டு மீன் வைத்துச் சுருட்டிக் கடித்தாள்.

"உப்பு. புளிப்பு. வெங்காயம் கடிபடறது தெரியுது, வெங்காயம்னு தெரியல." பிறகு குரல் இறங்கிப் போயிற்று. "இவ்வளவுதானா ஹில்டிங்? தெனமும் உனக்கு இவ்வளவுதான் கெடைக்குதா?"

"உருளைக்கிழங்கு சூடா இருந்தா நல்லா இருக்கும்" என்றான் அவன்.

வாயில் பாதி இருக்கும்போதே அவள் கிளிப்பைக் கழற்றினாள். ஓடப்போகிறாள் என்று வழிவிட்டு நின்றோம். அவள் ஓடவில்லை. இரு இரு என்று கையைத் தூக்கிக்கொண்டு மென்றாள்.

"என்ன? என்ன ஆச்சு?" ஹில்டிங்குக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நாத்தமெல்லாம் வெளியிலதான். உள்ள போனதும் வேற என்னமோ ஆயிடுது. பழைய பாலாடைக்கட்டி மாதிரி… இல்ல. இன்னொண்ணு சுருட்டிக் குடு, சொல்றேன்."

அந்த நாளுக்குப் பிறகு அவள் சமையல் மாறியது. கூழ்ச் சூப்பின்மேல் மொறுமொறுப்பான ரொட்டியை நொறுக்கிப் போட்டாள். வெந்த மீனுக்குப் பக்கத்தில் குளிர்ந்த ஊறுகாய் வெள்ளரி வைத்தாள். சூடாகச் சாப்பிட வேண்டியதைக் கொதிக்கக் கொதிக்கவே பரிமாறினாள். எல்லாம் ஹில்டிங்கின் நாக்குக்காக வீட்டில் செய்து பார்த்தவை. அதையே இல்லத்திலும் செய்தாள். அங்கே வயதாகி மூக்கு மங்கிப்போனவர்கள் நிறையப் பேர். தட்டில் பாதியை மிச்சம் வைத்தவர்கள் இன்னொரு கரண்டி கேட்க ஆரம்பித்தார்கள். புதன்கிழமை மதியங்களில் ஹில்டிங்கும் அங்கே போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவான்.