ஸ்ட்ரெதமில் எனக்காக ஒரு நிமிடம்

சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஸ்ட்ரெதம் தேவாலய மண்டபத்தில் இருந்தவர்கள்: பாடகன் சுதன். அவன் மனைவி மேனகா. பேஸ் கிட்டார் அடிக்கும் ரூபன். மைக் பிடித்த அறிவிப்பாளர். சீடியின் முதல் பிரதி வாங்க வந்த டாக்டர், தமிழ்நாட்டுக்காரர். வாசல் மேசையில் ஒரு பெண். கமராக்காரர். பிறகு சனம். கடைசி வரிசையில், கதவோரம், நான்.

நான் பாரிஸில் இருந்து போனவன்.

காலை 7.00. பெர்சி பஸ் நிலையம். டிக்கெட் 34 யூரோ. பிரெஞ்சுப் பாஸ்போர்ட் இருந்தாலும் இப்போது லண்டன் போக இணையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். நான் போனபோது 16 பவுண். மகள் எடுத்துத் தந்தாள். சுதனின் சீடி வெளியீட்டு விளம்பரத்தைப் போனில் காட்டியதும் அவள்தான்.

சுதன், ரூபன், நான், மூன்று பேரும் பாரிஸில் ஒன்பது வருடம் ஒரு குழு நடத்தினோம். சுதன் பாட்டெழுதிப் பாடுவான், கிட்டார் அடிப்பான். நான் ட்ரம்ஸ். ஊர்க் கூத்து மெட்டை எடுத்து ராக்கில் போடுவோம். விளம்பரத்தில் அதை ரூட்ஸ் ராக் என்று போட்டிருந்தது. எங்கள் காலத்தில் அதற்குப் பெயர் இல்லை. கிழமை நாளில் உணவகத்தில் கோப்பை கழுவினேன். சனி ஞாயிறு அடித்தேன். பிறகு அவர்கள் இரண்டு பேரும் லண்டனுக்கு மாறினார்கள். போகிற அன்று சுதன் சொன்னான்: "அண்ணை, நான் தனிய அல்பம் போட்டாலும் ட்ரம்ஸ் உங்கட கைதான்."

பன்னிரண்டு வருடம். முதலில் மாதம் ஒருக்கா போன் வந்தது. பிறகு வருடம் ஒருக்கா. பிறகு இல்லை.

இப்போது அந்தத் தனி அல்பம் வருகிறது. யார் ட்ரம்ஸ் என்று விளம்பரத்தில் இல்லை. கூப்பிடாத இடத்துக்குப் போய்ப் பழக்கமில்லை. ஆனாலும் என்னைக் கண்டால் மேடைக்குக் கூப்பிடுவானா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. குச்சி இரண்டையும் பையில் வைத்தேன்.

10.50. கலே. 290 கிலோமீட்டர். எல்லோரையும் இறக்கி வரிசையில் விட்டார்கள். ஆங்கிலேய அதிகாரி ஏன் போகிறாய் என்று கேட்டார். பாட்டுக் கேட்க என்றேன். யார் பாடுகிறார்கள் என்றார். எனக்குத் தெரிந்த பொடியன் என்றேன். பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார்.

லண்டன் நேரம் 3.20. விக்டோரியா. இரண்டாம் நம்பர் பஸ்ஸில் பிரிக்ஸ்டன். அங்கே இறங்கி 159. ஒரு மணித்தியாலத்துக்குள் மாறினால் இரண்டுக்கும் சேர்த்து 1.75 பவுண்தான். ஸ்ட்ரெதம் ஒரே நீளத் தெரு. கடை, கடை, கடை. ஒரு தமிழ்க் கடையில் வழி கேட்டேன்.

"சீடி வெளியீட்டுக்கோ?" என்றார் கடைக்காரர். "நேர போய் இடது பக்கம். ரோல்ஸ் எங்கட கடையில இருந்துதான் போகுது. பாட்டு எப்பிடியோ தெரியாது அண்ணை, ரோல்ஸ் நல்லா இருக்கும்."

4.40. வாசல் மேசைப் பெண் நிகழ்ச்சி நிரல் தந்தாள். சிறப்புப் பிரதி வாங்குகிறீர்களா என்று கேட்டாள். எங்கள் ஆட்களின் வெளியீட்டு விழாக்களில் இது உண்டு. பிரதியை மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வாங்குகிறவர் என்வலப்பில் காசு கொடுப்பார். படம் எடுப்பார்கள். ஓம் என்றேன். பெயர் கேட்டாள். "பாரிஸ்" என்று மட்டும் எழுதச் சொன்னேன். சுதன் என்னைத் தானாகக் காண வேண்டும் என்று நினைத்தேன்.

5.10. விளக்கு ஏற்றினார்கள். அறிவிப்பாளர் எல்லோரையும் எழும்பச் சொன்னார். "எங்கட பாடகரோட ஆரம்ப காலத்தில பயணிச்ச ட்ரம்ஸ் கலைஞர், பாரிஸில காலமான அமரர் சிவகுமார் அவர்களுக்கு ஒரு நிமிட அகவணக்கம்."

திரையில் படம் வந்தது. என்னுடைய படம். தலைமயிர் கறுப்பாக இருந்தது. கீழே பூ போட்டிருந்தார்கள்.

எல்லோரும் நின்றார்கள். நானும் நின்றேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

எல்லோரும் திரும்பக் கதிரையில் இருந்த பிறகு பக்கத்து ஆள் கேட்டார். "அண்ணைக்கு அவரைத் தெரியுமோ?"

"கொஞ்சம்."

"நல்ல மனுசனாம்."

"அப்பிடித்தான் சொல்லுறாங்கள்."

எனக்கு விளங்கியது. போன வருடம் பாரிஸில் ஒரு சிவகுமார் செத்தார். போன் கார்ட் விற்றவர். ஊர் நெடுந்தீவு. நான் வல்வெட்டி. அவருடைய மரண அறிவித்தல் இணையத்தில் வந்தது, படத்தோடு. செத்தவீட்டுக்கு நானும் போனேன்.

5.30. சுதன் கிட்டாரோடு வந்தான். தொப்பை வைத்திருக்கிறது. குரல் அப்படியே இருக்கிறது. "முதல் பாட்டு என்ர சிவா அண்ணைக்கு" என்றான். "கடைசி நாள் ஆஸ்பத்திரியில இருந்து என்னோட போனில கதைச்சவர். விடாமப் பாடு தம்பி எண்டவர். அதுதான் கடைசி." அவன் கண் கலங்கியது. முன்வரிசையில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பாடினான். பாட்டு நல்ல பாட்டு. அதைச் சொல்லத்தான் வேண்டும். குளிர்காலம், கோப்பை கழுவிய கை, அந்தக் கையால் அடித்த தாளம், எல்லாம் இருந்தது. ட்ரம்ஸ் லப்டொப்பில் இருந்து வந்தது.

அந்த அறிவித்தலைப் பார்த்து ஏமாறலாம். ஒரே பேர், ஒரே பாரிஸ், ஆளைக் குழப்பும். ஆனால் என்னுடைய போன் நம்பர் மாறவில்லை. துக்கம் கேட்க அந்த நம்பருக்கு ஒருக்கா அடித்திருந்தால் நானே எடுத்து ஹலோ சொல்லியிருப்பேன். எடுக்காதவன் கடைசி நாளில் கதைத்ததாகச் சொல்கிறான்.

6.40. சிறப்புப் பிரதி. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். டாக்டர் குடும்பம். கடைக்காரர். பிறகு அறிவிப்பாளர் கையிலிருந்த கடதாசித் துண்டைப் பார்த்தார். "பாரிஸில இருந்து வந்திருக்கிற அன்பர்."

போனேன். சுதன் சிரித்தபடி சீடியை நீட்டினான். என் முகத்தைப் பார்த்தான். சீடியை விடவில்லை. நானும் விடவில்லை.

"சிவா அண்ணை" என்றான், மெல்ல.

"ஓம்."

"இஞ்ச பாருங்கோ ரெண்டு பேரும்" என்றார் கமராக்காரர். பார்த்தோம். எடுத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

7.15. இடைவேளை. மண்டபத்தின் பின்னால் சமையலறை. சுதன், மேனகா, நான். ரூபன் கதவில் நின்றான்.

"மரண அறிவித்தலைப் படத்தோட போட்டிருந்தாங்களடா. பார்க்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"பார்த்தனான் அண்ணை. பத்துப் பன்னிரண்டு வருசத்தில முகம் மாறும்தானே எண்டு நினைச்சிட்டன்."

"அந்த ஆளுக்கு மொட்டை."

அவன் தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினான்.

"போன் எடுத்திருக்கலாம்."

"பயமா இருந்தது. எடுத்து என்ன கதைக்கிறது, இவ்வளவு நாள் எடுக்காம."

"கடைசி நாள் கதைச்சனான் எண்டாய்."

"மேடையில ஒண்டு சொல்லத்தானே அண்ணை வேணும்."

ரூபன் ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளினான். "சாப்பிடு மச்சான். செத்த ஆளுக்குப் பசிக்கும்." ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் தானே சிரித்தான். பிறகு முகத்தைத் துடைத்தான்.

மேனகா என் பக்கம் வந்தாள். "அண்ணா, இண்டைக்கு மட்டும் சொல்லாதேங்கோ. ரெண்டு வருசம் இரவு ஷிப்ட் செய்து போட்ட அல்பம். சனம் சிரிக்கும். பிறகு ஒருத்தரும் கேக்காயினம்."

மேடைக்கு ஐந்து படி. மைக் திறந்து கிடந்தது. ஏறி நான்தான் சிவகுமார் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சுதன் என் கையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான். குச்சி பையில் இருந்தது. இப்போதும் அடிக்க ஏலும்.

"மீதிப் பாட்டுக்கு ட்ரம்ஸ் ஆர்?" என்று கேட்டேன்.

"மெசின்தான் அண்ணை." கொஞ்சம் நின்று சொன்னான். "உங்களை ஏத்தினா ஆரெண்டு சொல்லுறது?"

அது சரிதான். என்னை ஏற்றினால் பாட்டு செத்துவிடும். பாட்டு இருக்க வேண்டும் என்றால் நான் செத்திருக்க வேண்டும். சரி என்றேன்.

"இண்டைக்கு இணையத்தில போட்ட பாட்டுக்குக் கீழ எனக்கு அஞ்சலி எண்டு எழுதியிருந்தா, அந்த வரியை எடுத்துப்போடு. என்ர மகள் பார்க்கிறவள்" என்றேன்.

"செவ்வாய்க்குள்ள மாத்திறன் அண்ணை. சத்தியமா."

இரவு ரூபன் வீட்டில், லூயிஷாமில், படுத்தேன். ஞாயிறு காலை 7.00 மணிக்கு அவன் காரில் விக்டோரியாவுக்குக் கொண்டுவந்து விட்டான்.

"நீ செத்தது கேட்டு மூண்டு நாள் வேலைக்குப் போகேல்லை, தெரியுமோ" என்றான்.

"போன் எடுத்தியோ?"

"ஆருக்கு எடுக்கிறது?"

"என்ர மனுசிக்கு."

சிக்னல் பச்சையானது. ரூபன் காரை எடுத்தான். நிலையத்தில் இறங்கும்போது கட்டிப்பிடித்தான். வெகுநேரம் விடவில்லை.

லண்டன் பெரிய ஊர். பஸ் நேரத்துக்கு வருகிறது. பாரிஸைவிடத் துப்புரவு. தமிழில் கதைத்தே ஒரு நாளை முடிக்கலாம். போகிறவர்கள் 159 பஸ்ஸில் மேல்தட்டில் முன் இருக்கையைப் பிடியுங்கள், தெரு நன்றாகத் தெரியும். நான் இனிப் போக மாட்டேன். போன் கார்ட் விற்ற சிவகுமாரின் செத்தவீட்டில் யாரும் பாடவில்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் அவருடைய முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

செவ்வாய் போய் அடுத்த செவ்வாயும் போனது. மகளின் போனில் பாட்டைத் திறந்தோம். வரி அப்படியே இருந்தது. கீழே எனக்குக் கண்ணீர் அஞ்சலி எழுதியிருந்தவர்களை மகள் எண்ணிச் சொன்னாள்.

இருநூற்றுப் பதினாறு பேர்.