செவ்வாய்க்கிழமை ஓடையைத் தாண்டிய ஜீப்

எங்களிடம் அப்போது ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. ஏலத்தில் எடுத்தது. கோவில்பட்டியில் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டிருந்தோம். நாலு சக்கரமும் இழுக்கும் என்பதைத் தவிர அதில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது.

அந்த ஐப்பசியில் மழை விட்டபாடில்லை. தங்கைக்கு எட்டாம் மாதம். ஒன்பதில் வளைகாப்பு போட்டு அழைத்துவருவதாக இருந்தோம். ஒரு நாள் காலையில் அவள் புகுந்த ஊர் நர்ஸம்மாவே போன் செய்தார். கால் வீங்கிவிட்டது, தலைவலி நிற்கவில்லை, இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுங்கள் என்றார். மாப்பிள்ளை புதியம்புத்தூரில் தையல் வேலையில் இருந்தார், மழையில் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஊருக்கு முன்னால் இருந்த ஓடையில் தரைப்பாலம் முழுகி, பஸ்ஸும் நின்றுவிட்டது.

வண்டிக்குள் தண்ணீர் எங்கெங்கே நுழையும் என்பது எனக்கு அத்துப்படி. இஞ்சின் காற்று இழுக்கும் வாயில் பம்புசெட் ஹோஸை மாட்டி, கிளாம்பு போட்டு இறுக்கி, முன்கண்ணாடிக்கு மேலே தூக்கிக் கட்டினேன். அந்த வழியாக ஒரு மடக்குத் தண்ணீர் போனாலும் இஞ்சின் காலி. முன்அச்சு, பின்அச்சு இரண்டிலும் மூச்சுவிடும் துவாரங்களில் ரப்பர் குழாய் சொருகி உயரத்துக்குக் கொண்டுவந்தேன். கிளச்சுக்கு அடியில் இருக்கும் ஓட்டையை அடைத்தேன். பேட்டரி முனைகளில் கிரீஸை அப்பினேன். முகப்பில் டார்ப்பாயை இழுத்துக் கட்டினேன்.

கரிசல் காட்டுப் பாதையில் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பிக்கொண்டது. கடப்பாரையால் குத்திக் குத்தி எடுத்துத்தான் ஓடைக்கரை சேர்ந்தேன். அங்கே ஃபேன் பெல்ட்டைக் கழற்றினேன், இல்லாவிட்டால் ஃபேன் தண்ணீரை வாரி இஞ்சின்மேல் அடிக்கும். பிறகு வண்டி ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூட்டோடு இறக்கினால் அச்சு தண்ணீரை உள்ளே உறிஞ்சிவிடும். அவள் அங்கே தலையைப் பிடித்துக்கொண்டு கிடக்க, நான் இரும்பு ஆறுவதற்காகக் கரையில் நின்றேன். அப்படி ஒரு ஆத்திரம் எனக்கு அதற்குமுன் வந்ததில்லை.

கிளச்சை மிதிக்காமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், ஒரே கியரில் இறக்கினேன். தண்ணீர் சீட்டைத் தொட்டது. இஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. அக்கரை ஏறியதும் சத்தம் போட்டுச் சிரித்தேன்.

தங்கையின் மாமியார் வாசலிலேயே நின்றார்.

"வாங்க தம்பி, காப்பி குடிச்சிட்டுப் போங்க. செவ்வாக்கெழம பிள்ளத்தாச்சிய வீட்டவிட்டு அனுப்புத வழக்கம் இங்கன கெடையாது. நாளைக்கு வெள்ளனவே கூட்டிட்டுப் போங்க."

"நர்ஸம்மா இன்னைக்கேன்னு சொல்லுதாவ அத்தை. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு."

"நாங்களும் பிள்ள பெத்தவியதான்."

நான் கெஞ்சினேன், கத்தவும் கத்தினேன். உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற தங்கையிடம், வண்டியில் ஏறு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் முகமும் வீங்கியிருந்தது.

"அவிய பேச்ச மீறி வந்தா, பெறகு நான் இங்கன எப்படிண்ணே இருக்க முடியும்? ஒரு நாள்தானே, இருண்ணே" என்றாள்.

இருந்தேன். மறுநாள் விடிவதற்குள் மேற்கே கண்மாய் உடைந்துவிட்டது. ஓடையில் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் புரண்டது. எந்தக் குழாயை எவ்வளவு உயரத்தில் கட்டினாலும் ஆகாது. புதன்கிழமை மத்தியானம் அவளுக்கு வலிப்பு வந்தது. நர்ஸம்மா தெரிந்ததையெல்லாம் செய்தார். தங்கை பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண்பிள்ளை என்று யாரோ சொன்னார்கள். அதை ஏன் எங்களிடம் சொன்னார்கள் என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வியாழக்கிழமை தண்ணீர் வடிந்தது. ஹோஸைக்கூட அவிழ்க்காமல் வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். தங்கை வெறுங்கையோடு வந்து ஏறினாள். மாமியார் வண்டிவரை வந்து, அவள் நெற்றியில் திருநீறு பூசினார்.

"இன்னைக்கு நல்ல நாளுதான் தம்பி. தாராளமா கூட்டிட்டுப் போங்க."