எல்லாக் கேள்விக்கும் ஐந்து

சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வு உதவியாளராக இருந்தேன். சீனமொழி பேசும் மாணவர்கள் இணையத்துக்கும் விளையாட்டுக்கும் போனுக்கும் எவ்வளவு அடிமையாகியிருக்கிறார்கள் என்று அளப்பதுதான் எங்கள் வேலை. படிவம் முழுக்கச் சீனத்தில். எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்று முதல் ஐந்து வரை ஓர் எண்ணை வட்டமிடுவார்கள். ஒன்று என்றால் ஒருபோதும் இல்லை, ஐந்து என்றால் எப்போதும். அந்த எண்களைக் கணினியில் ஏற்றுவது என் பொறுப்பு.

ஒரு விதி இருந்தது. எல்லாக் கேள்விக்கும் ஒரே எண்ணைப் போட்டவர் கேள்விகளை வாசிக்கவில்லை என்று பொருள். அந்தப் படிவத்தைக் கழித்துவிட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி அது. இலவசக் கோப்பிக் கூப்பனுக்காக வந்து கண்ணை மூடிக்கொண்டு கிறுக்கிவிட்டுப் போகிறவர்கள் மீது எனக்குத் தீராத கடுப்பு. முதல் பக்கம் முழுக்க ஐந்தாக இருந்தால் அடுத்ததை ஒரு புரட்டுப் புரட்டிப் பார்ப்பேன், அவ்வளவுதான். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். படிவம், கழித்தவற்றைச் சேர்த்துவைக்கும் கழிவுப் பெட்டிக்குள் போய்விடும். வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னபோது என் கணவர், "நீர் பள்ளிக்கூடத்தில மொனிற்றராய் இருந்தனீர் எண்டு நல்லாத் தெரியுது" என்று சிரித்தார். வகுப்புத் தலைவியாக இருந்தேன்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு மாணவி என் அறைக் கதவைத் தட்டினாள். "இரண்டு கிழமையாகக் காத்திருக்கிறேன். எப்போது கூப்பிடுவீர்கள்?" என்று தயங்கித் தயங்கி ஆங்கிலத்தில் கேட்டாள். மனப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் உளவளத்துணையாளரோடு பேச விரும்புகிறவர்கள் போன் எண்ணை எழுதலாம் என்று படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு. அவள் எழுதியிருந்தாளாம். என் பட்டியலில் அந்த எண் இல்லை. இல்லையென்றால் எழுதவில்லை என்றுதான் அர்த்தம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன்.

அவள் போகவில்லை. மூன்று பாடங்களில் தவறிவிட்டதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் தக்க காரணம் எழுதிக் கொடுக்காவிட்டால் பல்கலைக்கழகம் தன்னை நீக்கிவிடும் என்றும் சொன்னாள். காரணம் அவள் கையிலேயே இருந்தது. பேசும்போதும் பெருவிரல் போன் திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. அவளுக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அப்போதுதான் கழிவுப் பெட்டியைத் திறந்தேன். அவளே தன் படிவத்தை எடுத்துத் தந்தாள். எல்லாம் ஐந்து. கடைசிக் கட்டத்தில் எண்ணை எழுதி, தெளிவாக இல்லையோ என்று பயந்தவள்போல அதன் கீழே பெரிதாக இன்னொரு தரம் எழுதியிருந்தாள். நான் அந்தப் பக்கம்வரை போகவேயில்லை. எனக்கு முகம் எரிந்தது. வெட்கம்தான், வேறென்ன.

"ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தரம் வாசித்துத்தான் போட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மன்னிப்புக் கேட்டு, உளவளத்துணையாளரிடம் நானே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். நல்லகாலம், அன்றைக்கே நேரம் கிடைத்தது. உள்ளே போகுமுன் நிரப்பச் சொல்லி அவளிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். அதிலும் ஒன்று முதல் ஐந்து வரை. பேனையைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினாள்.

"சிலதுக்கு இரண்டு, மூன்று என்று மாற்றிப் போடட்டுமா? அப்போதுதானே நம்புவார்கள்?"